வாசலில் யார் முகத்தை மாட்டுவது

நீங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். படம் எழுதத் தெரியும், எழுதச் சொல்லி ஆள் வரவில்லை, என்ன செய்வது என்று.

வேலை கற்றுக்கொடுக்க இப்போது பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஆளை வரவழைக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அதுவும் என் கடையில் கற்றதில்லை. எதிர்க்கடையைப் பார்த்துக் கற்றது. அதைச் சொல்கிறேன்.

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். நான் கொள்ளேகாலத்துக்காரன். அன்றைக்கு அது கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. எல்லை தாண்டினால் சமஸ்தானம். சமஸ்தானத்தில் படம் எழுதுகிறவனுக்கு மரியாதை உண்டு என்று கேள்விப்பட்டு வந்தேன். மரியாதை இருந்தது. வேலைதான் இல்லை.

தேவராஜ மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு சந்து. சந்தின் வாய் சயாஜி ராவ் ரோட்டில் திறக்கும். தசரா ஊர்வலம் போகிற ரோடு அதுதான். சந்துக்குள் தையல்கடை, மளிகை, பூட்டு ரிப்பேர் என்று ஒரே வரிசையாகக் கடைகள். அதில் ஓர் அறை எனக்கு. வாசலில் மகாராஜா படம் ஒன்று எழுதி மாட்டினேன். எண்ணெய் வர்ணம். தலைப்பாகை, நகை, சரிகை எல்லாம் நன்றாக வந்திருந்தது. அந்த ஊரில் படம் எழுதுகிற யாருமே வாசலில் அதைத்தான் மாட்டுவார்கள். கடைக்கு ஒரு கௌரவம் என்று நினைப்பு.

போகிறவர்கள் நிற்பார்கள். கும்பிடுவார்கள். போய்விடுவார்கள்.

எதிர் அறைக்கு ஞானம் என்று ஓர் அம்மா வந்து சேர்ந்தார். என் வயதுதான் இருக்கும். மைசூரிலேயே பிறந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். ஒரு போட்டோ கடையில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர். அங்கே கை அவருடையது, பெயர் கடையுடையது. அதை விட்டுவிட்டுத் தனியாக வந்தார். கதவுக்கு மேலே தன் கையாலேயே பலகை எழுதி மாட்டினார். ஞானம், உருவப்படம் எழுதுபவர். தமிழிலும் கன்னடத்திலும்.

பொம்பளை கடையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. வந்தவர்களைவிட அவர்கள்தான் அதிகம்.

அவருடைய அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நல்ல மனுஷன். சனிக்கிழமை தோறும் வருவார். வெளியிலேயே நின்று பேசுவார்.

"என்ன ஞானம், யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தாருண்ணா."

"என்ன எழுதச் சொன்னாரு?"

"தையல்கடை எங்க இருக்குன்னு கேட்டாரு."

அண்ணன் சிரிக்க மாட்டார். "தசரா முடியற வரைக்கும் உன் இஷ்டம்மா. அப்புறம் ஆஸ்பத்திரில சேர்ந்துடு. நர்ஸ் வேலைக்கு உனக்குன்னு இடம் வெச்சிருக்காங்க. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"தசரா முடியட்டும்ணா."

அதுதான் அவருக்கு இருந்த கெடு. தசராவுக்குள் ஆள் வர வேண்டும். வராவிட்டால் பலகையை இறக்கிவிட்டு வெள்ளைச் சேலை கட்ட வேண்டும். நர்ஸ் வேலை கீழான வேலை இல்லை. அவர் அம்மாவே நர்ஸாக இருந்தவர்தான். ஆனால் ஞானம் அம்மாவுக்கு வேண்டியது பிரஷ். அவ்வளவுதான்.

ஒருநாள் சந்தைக் கடந்து என் கடை வாசலில் வந்து நின்றார். மகாராஜா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெயிண்டரண்ணா, இதப் பாத்துட்டு யாராவது வேலை குடுத்தாங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"யாராவது குறை சொன்னாங்களா? மூக்கு சரியில்ல, கண்ணு சின்னதுன்னு?"

"மகாராஜா படத்துக்கு எவனுங்க குறை சொல்லுவான்?"

"அதான் தப்பு, அல்வா?" என்றார். மைசூர்க்காரர்கள் தமிழ் பேசினாலும் நடுவில் 'இல்லையா' என்று கேட்கிற இந்தக் கன்னட 'அல்வா' வந்துவிடும். "நீங்க நல்லா எழுதறீங்களா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? ராஜாவ அவங்க பாத்ததே வருஷத்துக்கு ஒருதரம். யானை மேல. அதுவும் தூரத்துல."

எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டார். உடனே திரும்பிப் போய்விட்டார். யோசிக்கிற ஆள் அப்படித்தான் போவார்.

கும்பிடுகிற படத்தை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். உற்றுப் பார்க்காதவன் வேலை தர மாட்டான். இது எனக்கு அன்று பாதிதான் விளங்கியது.

மறுநாள் காலை மார்க்கெட் வாசலில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தேன். ஞானம் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பலகை. எதிரே இலைக்கார மாரக்கா, வெற்றிலைக் கூடையோடு.

மாரக்காவைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஹனூர்ப் பக்கத்து அம்மா. மார்க்கெட் வாசலில் எத்தனையோ வருஷமாக வெற்றிலை விற்பவர். அரண்மனைக் குமாஸ்தா முதல் ஜட்கா ஓட்டுகிறவன் வரை அவரிடம்தான் வாங்குவார்கள். வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறையப் பேச்சு. வெயிலுக்கு இடது கண்ணைப் பாதி மூடியே வைத்திருப்பார். எல்லோருக்கும் தெரிந்த முகம் அது.

கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "என்னம்மா, மிஷன் அம்மாவும் எல விக்க எறங்கிட்டீங்களா?"

"ஆமாப்பா. ஒரு கவுளி எல வாங்கிட்டுப் போ" என்றார் ஞானம் அம்மா. தலையைத் தூக்கவில்லை.

மாரக்காவுக்கு வேறு கவலை. "ஏனம்மிணி, படம் எழுதுனா ஆயுசு கொறையும்னு எங்கூர்ல சொல்லுவாங்க."

"ராஜா படம் ஊர் பூரா தொங்குது. அவருக்குக் கொறஞ்சுதா?"

"அவுருக்குக் கொறஞ்சா மிச்சம் குடுக்க ஆளிருக்குது. எனக்கு ஆரிருக்கறா?"

கூட்டம் சிரித்தது. மாரக்காவும் சிரித்தார். சிரித்த கையோடு ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"மூக்குத்திய மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுரு."

"இருக்கறதுதான் போடுவேன்."

"கிறிஸ்தவச்சி கருமிதான்."

சில நாள் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். உங்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறீர்கள். அது தப்பில்லை. ஆனால் வேலை செய்யும்போது உங்களைப் பார்த்தவன் ஊருக்குச் சொல்வான். அந்த அம்மா மாரக்காவை எழுதி முடிப்பதற்குள் மார்க்கெட் முழுக்க அவர் பெயர் தெரிந்துவிட்டது. திட்டினவனும் பெயர் சொல்லித்தான் திட்டினான்.

படம் வாசலில் ஏறியது. மூடிய பாதிக் கண், சிவந்த பல், பல்லிடையில் இருந்த சந்து, ஈரக் கை. ஒன்றையும் அழகு பண்ணவில்லை. ஆனால் மாரக்கா ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருந்தது. நான் எதிரே நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு நான் பிரஷைத் தொடவில்லை.

அதன்பிறகு சந்தில் நிம்மதி இல்லை. போகிறவன் நிற்பான். "டேய், மாரக்கா இங்க உக்காந்திருக்கா பாரு!" இன்னொருவன் வருவான். "காது சின்னதாப் போட்டிருக்கா." "காது முந்தானைல மறைஞ்சிருக்குதுய்யா, போய் நேர்ல பாத்துட்டு வா." போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். மறுபடி சண்டை. சண்டை போடுகிறவன் உற்றுப் பார்க்கிறான். உற்றுப் பார்த்தவர்களில் ஒருவன் கடைசியில் கேட்பான்: "எங்க அப்பா ஒருத்தர் இருக்காரு. எழுதுவீங்களா?"

முதலில் வந்தவர் காப்பிக்கொட்டைக் கடைக்காரர். கடையில் மாட்டத் தன் படம் வேண்டும் என்றார். பேசி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் செவப்பாப் போட்டுடுங்கம்மா."

"போடறேன் ஸ்வாமி. கடைக்கு வர்றவங்க உங்க தம்பி படம்னு நெனச்சா பரவாயில்லியா?"

"எனக்குத் தம்பி இல்லியே."

"படத்தப் பாத்தா இருக்காருன்னு நெனப்பாங்க."

காப்பிக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப என் நெறமே இருக்கட்டும்."

இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த அம்மா முடியாது என்று சொல்லவில்லை. கோபப்படவில்லை. தனக்கு எது வேண்டுமோ அதைக் காப்பிக்கடைக்காரர் வாயாலேயே சொல்ல வைத்தார். எனக்கு இந்தத் திறமை கடைசி வரை வரவில்லை.

தசரா தொடங்கும்போது அந்த அம்மா கையில் சில வேலைகள் இருந்தன. அண்ணன் வந்தார். படத்தையும் கூட்டத்தையும் பார்த்தார்.

"வேடிக்கை பாக்கற கூட்டம் நெலைக்குமாம்மா?"

"தெரியலண்ணா."

"விஜயதசமிக்கு வர்றேன். அன்னிக்கு முடிவு பண்ணிடுவோம்."

சரி என்றார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தார். பயந்த ஆள் வேலையைத் தொடர்வதை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் சந்தில் ஒரு வழக்கம். எல்லாக் கடைக்கும் சேர்த்து மாலை வாங்குவார்கள். தையல்காரர்தான் முன்னால் நின்று செய்வார். தராசுக்கு, தையல் மெஷினுக்கு, சைக்கிளுக்கு, கதவுக்கு, பெயர்ப்பலகைக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஞானம் அம்மா பூஜை செய்ய மாட்டார். சந்து செய்வதைத் தடுக்கவும் மாட்டார். அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். படம் மட்டும் வாசலில் இருந்தது.

தையல்காரர் நல்ல மனசுக்காரர். அந்த அம்மா கடையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். பலகை உயரத்தில் இருந்தது. படம் கைக்கு எட்டியது. படம்தானே அந்தக் கடைக்குப் பலகை. சாமந்தி மாலை ஒன்றை எடுத்து மாரக்கா படத்துக்குப் போட்டார். நெற்றியில் குங்குமம் வைத்தார். கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். தேங்காய் உடைத்து வைத்தார்.

நானும் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. என் வர்ணப்பெட்டிக்கும் மாலை, அந்தப் படத்துக்கும் மாலை. கழுதை நின்றிருந்தால் கழுதைக்கும் மாலை விழுந்திருக்கும். அப்படி ஒரு நாள் அது.

அன்று வெற்றிலைக்கு ஏக கிராக்கி. மாரக்கா கூடை மதியத்துக்கு முன்பே காலி. வீட்டுக்குப் போய்விட்டார். மதியத்துக்கு மேல் அவர் தம்பி பொன்னான் ஹனூரிலிருந்து வந்தான். தசரா பார்க்க வந்தவன். தோளில் அவரைக்காய் மூட்டை. மார்க்கெட் வாசலில் அக்கா இடம் காலியாக இருந்தது. தேடிக்கொண்டு சந்துக்குள் வந்தான்.

படத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். ஊதுபத்தியைப் பார்த்தான். மூட்டையைக் கீழே போட்டான்.

"அய்யோ அக்கா! போயிட்டியா? எனக்கு ஒரு வார்த்த சொல்லி உட ஆளில்லாமப் போச்சா?"

நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டான். நான் ஓடினேன்.

"ஏப்பா, உங்கக்காளுக்கு ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்குது."

"உசுரோட இருக்கறவளுக்கு மாலையாங்க? என்னை ஏமாத்தாதீங்க. எப்பங்க எடுத்தீங்க?"

"எடுக்கவே இல்லப்பா!"

"இன்னும் எடுக்கலீங்களா? எங்க வெச்சிருக்கறீங்க?"

பேசப் பேச மோசமாகியது. கூட்டம் சேர்ந்தது. இரண்டு பெண்கள் அவனோடு சேர்ந்து அழவே ஆரம்பித்துவிட்டார்கள். செய்தி மார்க்கெட் வரை போயிற்று. பூக்காரர்கள் ஓடி வந்தார்கள். யாரோ மாரக்கா வீட்டுக்கு ஓடி அவரைக் கையோடு கூட்டி வந்தார்கள்.

மாரக்கா வந்து நின்றார். பொன்னான் அவரைப் பார்த்து இன்னும் பெரிதாக அழுதான்.

"எவன்டா செத்தது?" என்றார் மாரக்கா.

"நீதாங்க்கா."

அதோடு சிரித்து முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாரக்கா படத்தைப் பார்த்தார். மாலையோடு தன் முகம். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பொன்னான் எழுந்து நின்றான்.

"இது நல்லதுக்கில்ல. உசுரோட இருக்கறவள எழுதுனது ஒரு தப்பு. மாலையப் போட்டது ரெண்டாவது. எமனுக்கு அடையாளம் காட்டுன மாதிரி. இத எரிக்கோணும்."

கூட்டத்தில் பலருக்கு அது சரி என்று பட்டது.  அந்த நேரத்தில் தகவல் தெரிந்து ஞானம் அம்மா வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் காப்பிக்கடைக்காரர் முன்னால் வந்தார்.

"எனக்குப் படம் வேண்டாம்மா. எழுதுனவரைக்கும் எனக்கே குடுத்துடுங்க. மிச்சத்த எழுதாதீங்க."

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எழுதச் சொன்ன எல்லோரும். தங்கள் முகத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சம்பாதித்த பெயர் அத்தனையும் ஒரு மாலையில் போயிற்று. மறுநாளே அண்ணன் வரப்போகிறார்.

நான் சொன்னேன்: "ஞானம்மா, படத்தைக் கழட்டி உள்ள வெச்சிருங்க. நாலு நாள் போனா மறந்திருவாங்க."

"கழட்டினா அவங்க சொல்றது நெசம்னு ஆயிடும்ணா."

அவ்வளவுதான் சொன்னார். தையல்காரரைத் திட்டவில்லை. கூட்டத்தோடு வாதாடவில்லை. மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கதை முடிந்திருக்கும். நேராக மாரக்காவிடம் போனார். நாங்கள் எல்லோரும் பொன்னானைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா ஒருவர்தான் மாரக்காவைப் பார்த்தார்.

"அக்கா, பயமா இருக்கா?"

"இருக்குதும்மிணி."

"அது உங்க மொகம். எனக்கு அதுல உரிமை இல்ல. எரிக்கணும்னா எரிச்சிடுங்க. ஆனா வேற யாரும் தொடக் கூடாது. நீங்களே தீ வைக்கணும்."

பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தீப்பெட்டி கொண்டு வந்தார். படத்தைத் தன் கையால் கழற்றினார். மாலையை எடுத்து ஓரமாக வைத்தார். நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் பட்டும் படாமல் துடைத்தார். படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். தீப்பெட்டியை மாரக்கா கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

  அந்த ஒரு படத்தைத் தவிர ஞானம் அம்மாவின் கைக்கு ஊரில் வேறு சாட்சி இல்லை.

மாரக்கா ஒரு குச்சியை எடுத்தார். குனிந்து படத்தைப் பார்த்தார். மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல், பழையபடி பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அது இவரைப் பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தது.

மாரக்கா நிமிர்ந்தார்.

"ஏண்டா பொன்னா, அக்காளுக்குக் கொள்ளி வெக்கத்தான் ஊர்லருந்து வந்தியா?"

"இல்லீங்க்கா..."

"இது நாந்தான? நீதான சொன்ன? நான்னு நெனச்சுத்தான நெஞ்சுல அடிச்சுக்கிட்ட? அப்ப இத எரிச்சா ஆரு எரியறா?"

  கூட்டமே யோசித்தது. எரித்தால் அபசகுனமா, எரிக்காவிட்டால் அபசகுனமா?  மாரக்கா தீப்பெட்டியை ஞானம் அம்மா கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மாட்டு அம்மிணி. என்னை எரிக்க எனக்கு மனசு வரல."

காப்பிக்கடைக்காரர் அப்போதும் நகரவில்லை. "இன்னிக்கு இருக்காங்க. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். மாரக்காவுக்கு ஒரு ஜுரம் வந்தால் போதும், அந்த அம்மாவின் கடை போச்சு.

ஞானம் அம்மா மாரக்காவைக் கேட்டார்: "அக்கா, விஜயதசமிக்கு எங்க எல விக்கப் போறீங்க?"

"மார்க்கெட் வாசல்லதான்."

"இந்தச் சந்து வாயில உக்காருங்க. ஊர்வலம் பாக்கற ஜனம் காலைலேருந்து இங்கதான் நிக்கும். கூடைய இங்க வெச்சுக்கோங்க. பக்கத்துல நான் படத்த வெக்கறேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊர் பூராவும் மாரக்கா செத்ததாகப் பேச்சு. ஊர் பூராவும் அந்த ரோட்டுக்குத்தான் வரப் போகிறது. வதந்தியை விரட்டிக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது. அது வந்து சேரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார் அந்த அம்மா.

விஜயதசமி காலை ஜனம் வந்து குவிந்தது. ஊர்வலம் வர மாலையாகும். அதுவரை நிற்கிற கூட்டத்துக்குப் பார்க்க ஒன்றும் கிடையாது. சந்து வாயில் முக்காலி போட்டு மாரக்கா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் புது மல்லிகை மாலை. ஞானம் அம்மா வாங்கிப் போட்டது. படத்துக்கு மாலை இல்லை.

"மாலையப் போட்டுக்கிட்டு எல விக்கறதா? கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது" என்று மாரக்கா முணுமுணுத்தார். கழற்றவில்லை.

"ஐயோ, மாரக்கா! போயிட்டீங்கன்னு சொன்னாங்களே!"

"போனேன். அங்க எல நல்லா இல்ல, திரும்பிட்டேன். உனக்கு எத்தன கவுளி?"

ஒவ்வொருவரும் இதையே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில். கேட்டவர்கள் படத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஆளும் படமும் அக்கம்பக்கம் இருந்தால் யாரும் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னான் பக்கத்திலேயே நின்று, "இதப் பாத்துத்தானுங்க நான் அழுதேன். அத்தன தத்ரூபமுங்க" என்று தானாகவே எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எரிக்கச் சொன்னவன்தான். ஒரு தம்பி நம்பி அழுத படம் என்பதைவிட வேறென்ன நற்சாட்சி வேண்டும்?

ஞானம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரியால் முகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். நிற்கிறவர்களில் கேட்டவர்களுக்குச் சின்னதாக, சட்டென்று. பிடித்தால் பெரிதாக எழுதிக்கொள்ளக் கடைக்கு வரட்டும் என்று. முதலில் வெட்கப்பட்டார்கள். ஒருவர் உட்கார்ந்தார். பிறகு தள்ளுமுள்ளு. நான் என் கடையைச் சாத்திவிட்டுப் போய் அவர்களை வரிசையில் நிற்க வைத்தேன். காப்பிக்கடைக்காரரும் வந்தார். மாரக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லியே?"

"ஒனக்கு வேணுமா?" என்றார் மாரக்கா.

அவரும் வரிசையில் நின்றார்.

அந்த நேரத்தில் அண்ணன் வந்தார். கையில் குடை. முடிவு கேட்க வந்தவர். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, தங்கைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தார்.

"யோவ், நாங்க எல்லாம் மனுஷங்க இல்லியா? பின்னால போய் நில்லுய்யா" என்று ஒருவர் குடையைப் பிடித்து இழுத்தார்.

"நான் அவளோட அண்ணன்!"

"நான் அவங்க சித்தப்பா. பின்னால போ."

ஞானம் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணா, வரிசைல வாங்கண்ணா" என்றார்.

வாத்தியார் வரிசையில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். முன்னால் இருப்பவர்கள் மூக்கையும் காதையும் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்டார். தன் தங்கையின் பெயரை முன்பின் தெரியாதவர்கள் சொல்வதைக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் கோபம் போனது எப்போது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓர் இடத்தில் அவரே ஒருவரிடம், "காது முந்தானைல மறைஞ்சிருக்கு சார்" என்றார்.

அவர் முறை வந்தது. தங்கைக்கு எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மா எழுத ஆரம்பித்தார். 

"ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் பதில் சொல்லணும் ஞானம். என்னன்னு சொல்லட்டும்?"

அந்த அம்மா கரியை விரலால் தேய்த்து அண்ணன் கன்னத்துக்கு நிழல் போட்டார்.

"முன்கூடத்துல பெரிய சுவரு ஒண்ணு வெறுமனே இருக்குல்ல அண்ணா? பெரிய டாக்டரம்மா படம் ஒண்ணு அங்க மாட்ட வேணுமான்னு கேளுங்க."

வாத்தியார் அப்போதுதான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆடாதீங்கண்ணா" என்றார் தங்கை.

மறுநாள் வாத்தியார் போய்க் கேட்டிருக்கிறார். வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ஞானம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு கையில் வர்ணப்பெட்டி. கேன்வாஸை அண்ணன் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.